'நான் 2022-ல பாஸ் அவுட்'னு சொல்றீங்களா? வெளிநாட்டு கிளையன்ட் பதறிடுவார்!

"எந்த வருசம் பாஸ் அவுட்டுங்க?" பீளமேடு, சரவணம்பட்டி ஐ.டி. அலுவலகங்களில் புதுசா சேர்றவங்க கிட்ட முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். '2022 பாஸ் அவுட்'னு பதில் சொன்னா, நமக்குப் புரியும். ஆனா அதையே லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் கிளையன்ட் கிட்ட வீடியோ காலில் சொன்னா? 'நான் 2022-ல மயங்கி விழுந்தேன்' என்றுதான் அவர் காதில் விழும்.

'பாஸ் அவுட்'டுக்கு எத்தனை அர்த்தம்?

* மயக்கம் போடுவது: உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வரும் அர்த்தம் இது. வெயிலில் சுருண்டு விழுந்தாலும் பாஸ் அவுட், போதையில் மட்டையானாலும் பாஸ் அவுட்.
* விநியோகிப்பது: வகுப்பில் கேள்வித்தாளை ஆளுக்கொன்றாகக் கொடுப்பது. அமெரிக்காவில் அதிகம் புழங்கும்.
* பயிற்சி முடிப்பது: ராணுவம், போலீஸ் போன்ற படைகளில் பயிற்சியை முடித்து வெளியேறுவது. இது பிரிட்டிஷ் வழக்கு.

அப்போ நாம சொல்றது தப்பா?

முழுசா தப்புன்னு சொல்ல முடியாது. கோவை துடியலூர் பக்கம் உள்ள சி.ஆர்.பி.எஃப். மத்தியப் பயிற்சிக் கல்லூரியிலும், சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் நடப்பது 'பாசிங் அவுட் பரேடு'தான். பயிற்சி முடிப்பதைக் குறிக்கும் அதே சொல், இந்தியாவில் காலேஜ் படிப்பை முடிப்பதற்கும் நிலைச்சுப் போச்சு. இங்கே வேலைவாய்ப்பு விளம்பரங்களிலேயே 'பாஸ் அவுட்' இருக்கு. இந்திய ஆங்கிலத்தில் அது சரி. எல்லை தாண்டினால்தான் சிக்கல்.

எப்படிச் சொல்லணும்?

* டிகிரி முடிச்சவங்க: 'ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம் ஜி.சி.டி. இன் 2022'. நடுவில் 'ஃப்ரம்' முக்கியம்.
* கடைசி செமஸ்டரில் இருப்பவங்க: 'ஐ ஆம் கிராஜுவேட்டிங் திஸ் இயர்'.
* பிளஸ் டூ பற்றி: 'ஐ ஃபினிஷ்ட் ஸ்கூல் இன் 2018'.
* தேர்வில் தேறியதைச் சொல்ல: 'ஐ பாஸ்ட் தி எக்ஸாம்'. இங்கே 'அவுட்' வேண்டவே வேண்டாம்.

உள்ளூர் நண்பர்கள் கிட்ட 'பாஸ் அவுட்'னே பேசுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா ரெஸ்யூம், லிங்க்ட்இன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பம் மூணையும் இன்னைக்கே ஒருமுறை திறந்து பாருங்க. படிப்பை முடிச்ச இடத்தில் மயங்கி விழுந்திருந்தா, உடனே எழுப்பிவிடுங்க!