சாயப்பட்டறையின் நேரமும் பாட்டிலின் நேரமும்

காஞ்சிபுரத்துப் பட்டு நூலுக்குச் சாயம் ஏறுவது கட்டம் கட்டமாக நடக்கும் வேலை. முதலில் கோரா நூலைச் சவுக்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டுப் பசை எடுக்க வேண்டும். நூலின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதிலேயே கரைந்துவிடும். அடுத்து சாயத் தொட்டி, பிறகு அலசல். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தொட்டி காலியாகிறது. கால்வாயில் சற்று நேரம் நுரை வரும், பின்னர் அரக்குச் சிவப்பு, அப்புறம் வெளிறிய அலசு நீர். பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வந்து ஒரு பாட்டிலை முக்கி எடுத்தால், இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் சிக்கும்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் மாதிரி எடுக்கும் முறையைக் கவனமாகவே வகுத்திருக்கிறது. பட்டறைக்காரருக்குத் தகவல் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முத்திரையிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நேர்மையான ஏற்பாடு. ஆனால் ஒரு கணத்து நீரை வைத்து ஒரு நாளின் கதையைச் சொல்லிவிட முடியாது.

அந்தக் குறையை நிரப்பத்தான் கையோடு எடுத்துச் செல்லும் தானியங்கி நீர் மாதிரிக் கருவி இருக்கிறது. உருளையான ஒரு பெட்டி. அடியில் வட்டமாக 24 பாட்டில்கள், நடுவே பனிக்கட்டி போட இடம், 12 வோல்ட் பேட்டரி, கால்வாயில் இறங்கும் ஒரு குழாய். மேலே உள்ள பம்ப், மாட்டின் காம்பைப் பிடித்துக் கறப்பது போல, ரப்பர் குழாயை உருளைகளால் அழுத்தி அழுத்தி நீரை இழுக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் காற்றை ஊதிக் குழாயைச் சுத்தம் செய்யும். எடுத்து முடித்ததும் மிச்சத்தை வெளியே தள்ளும். இல்லாவிட்டால் ஒன்பது மணி நீர் பத்து மணி பாட்டிலில் கலந்துவிடும்.

உண்மையான வேலை, அதற்குப் புரோகிராம் போடுவது. குழாயின் நீளம், நீர்மட்டத்திலிருந்து பம்ப் வரையுள்ள உயரம், ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, எந்த இடைவெளி, ஒரு பாட்டிலில் எத்தனை தடவை என எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டும். ஏழு மீட்டர் குழாயை மூன்று என்று பதிந்தால் அளவு தவறிப்போகும். எட்டு மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து பம்ப் நீரை இழுப்பது கடினம். வளிமண்டல அழுத்தம் விதிக்கும் வரம்பு அது.

இடைவெளியைக் கடிகாரப்படி வைப்பதா, ஓடும் நீரின் அளவுப்படி வைப்பதா? கணக்குக்காக ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 900 லிட்டர் சாய நீர் வெளியேறுகிறது, அதன் சி.ஓ.டி., அதாவது வேதி ஆக்சிஜன் தேவை, லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். அடுத்த ஒன்பது மணி நேரம் மணிக்கு 100 லிட்டர் அலசு நீர், சி.ஓ.டி. 200. மணிக்கு ஒரு தடவை சம அளவு எடுத்துக் கலந்தால் விடை 380. ஓட்டத்துக்கு ஏற்ப எடுத்தால் 1,100. கால்வாயும் நீரும் அதேதான்; புரோகிராம்தான் வேறு. ஆற்றுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது இரண்டாவது கணக்கு. நீர்நிலையில் விடும் கழிவுக்கான வரம்போ 250.

இந்தக் கால்வாய்கள் போய்ச் சேரும் வேகவதி ஆறு, திருமுக்கூடல் அருகே பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. சீறி வந்த வேகவதியைப் பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்ததாகச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயிலின் தலபுராணம் சொல்லும். இன்று அந்த வேகம் மழைக்காலத்தில் மட்டுமே தெரிகிறது. ஐப்பசியில் முதல் பெருமழை, கால்வாய்களில் மாதக்கணக்கில் தேங்கியதை ஒரேயடியாக வாரிக்கொண்டு வரும். அது நள்ளிரவில் வந்தால் கரையில் பாட்டிலோடு யார் நிற்பது? நீர்மட்டம் இவ்வளவு உயர்ந்ததும் தானே தொடங்கு, முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று என்று கருவிக்குக் கட்டளை போட்டு வைக்கலாம்.

எல்லாவற்றையும் இதனிடம் ஒப்படைக்க முடியாது. கார அமில நிலையையும் கரைந்த ஆக்சிஜனையும் அங்கேயே அளக்க வேண்டும். எண்ணெய் குழாயில் ஒட்டிக்கொள்ளும். கிருமிச் சோதனைக்குத் தூய்மையாக்கிய தனிப் பாட்டில் வேண்டும். சித்திரை வெயிலில் பனிக்கட்டி கரைந்துவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே நுண்ணுயிர்கள் கழிவைத் தின்னத் தொடங்கி, ஆய்வக எண் குறைந்து வரும்.

பெரிய ஆலைகளின் கதை வேறு. கழிவுநீர் மாசுக்காக 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. பெரும் மாசு தரும் 17 வகைத் தொழில்கள் தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் அறிவுறுத்தியது. வீட்டுக்குப் பின்புறம் ஓரிரு தொட்டிகளோடு நடக்கும் பட்டறைக்கு அப்படியொரு நிலையான கருவி கட்டுப்படியாகாது. இடம் மாற்றி வைக்கக்கூடிய பெட்டிதான் அங்கே நியாயமான வழி.

ஆனால் புரோகிராம் போடுமுன் சாயக்காரரிடம் கேட்க வேண்டும்: எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டுகிறீர்கள், தொட்டியை எப்போது கொட்டுகிறீர்கள்? முகூர்த்த மாதங்களுக்கு முன் ஆர்டர் குவியும் வாரத்தில் ஒரு நாள் பெட்டியை இறக்க வேண்டும். பட்டறைகள் மூடியிருக்கும் விடுமுறையில் அதே கால்வாயில், அதே புரோகிராமோடு இன்னொரு நாள். விடுமுறையில் ஓடுவது ஊரின் வீட்டுக் கழிவு. இரண்டையும் அருகருகே வைத்தால், வேகவதியின் அழுக்கில் சாயத்தின் பங்கு எவ்வளவு, வீடுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும்.