கூரைக்குள் இட்டது கூரைக்குள் நிற்குமோ?

குளிர் மிகுந்த தேசங்களில் வீட்டின் மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், பஞ்சைப் போன்ற ஒரு பொருளைக் குழாய் வைத்து ஊதி நிரப்புகிறார்கள். செய்தித்தாள் துகள், கண்ணாடி இழை, பாறை இழை என அதில் பலவகை உண்டு. குளிரும் வெப்பமும் எளிதில் உள்ளே இறங்காதபடி அது காக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உதிரியான அந்தப் பஞ்சு இட்ட இடத்திலேயே கிடக்கும் என்று எண்ணிவிடலாகாது.

ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய கான்பெராவில் நடந்ததைக் கேளுங்கள். 1968 முதல் 1979 வரை, ‘மிஸ்டர் ஃப்ளஃபி’ என்று ஜனங்கள் அழைத்த ஒரு நிறுவனம் ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளின் கூரைக்குள் கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, ஊதி நிரப்பியது. சிமெண்டில் கலவாத உதிரி இழை அது. அதைச் சுவாசித்தவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோய் வரக்கூடும். 1988-ல் அரசாங்கம் விழித்துக்கொண்டது. வீடு வீடாகக் கூரைக்குள் ஏறி, கண்ணுக்குத் தெரிந்த இழைகளை அகற்றி, மிஞ்சியவை பறவாதபடி பசை தெளித்தார்கள். 1993-ல் வேலை முடிந்தது, குடும்பங்கள் நிம்மதியடைந்தன.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. சுவர்களின் உள் இடைவெளி மேலே கூரைக்குள் திறந்திருந்தது. அதன் வழியாக இழைகள் முன்னமே இறங்கியிருந்தன. பிற்பாடு சோதித்தபோது, துணி அலமாரிக்குள்ளும் தரைக்கு அடியிலும் அவை அகப்பட்டன. 2014-ல் அரசு அந்த வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கத் தீர்மானித்தது. அதற்காக மத்திய அரசு 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் கடன் கொடுத்தது. வீட்டோடு மேல்மண்ணையும் அகற்றினார்கள். பிள்ளைகள் தவழ்ந்த தரை எத்தனை பேருக்கு இல்லாமற்போயிற்று!

கல்நார் அல்லாத பஞ்சானாலும், அது இறங்கும் வழி அதுவே. ஆகையால் தேர்ந்த வேலைக்காரர் ஊதுவதற்கு முன்பாகவே, ஒயரும் குழாயும் நுழையும் துளைகளை அடைத்துவிடுவார். மேலே ஏறும் வாசலைச் சுற்றி, வயலுக்கு வரப்பு கட்டுவதுபோல, பலகையால் தடுப்பு அமைப்பார். ஓரத்துக் காற்றுத்துளைகள் மூடிப்போகாதபடி அங்கே அட்டை வைப்பார். சூடேறும் விளக்கையும் புகைபோக்கியையும் பஞ்சு தொடலாகாது.

மும்பையிலும் பெங்களூருவிலும் வாழும் நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் விரித்திருக்கும் கிளாஸ் வுல்லைப் பாருங்கள். அதன் உறை கிழிந்தால் இழை உதிர்ந்து உடம்பெல்லாம் அரிக்கும். கிழிசலை உடனே டேப்பினால் ஒட்டுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் குறித்தே. நம்மில் எத்தனை குடும்பங்கள் அதன் கீழ் உறங்குகின்றன! எத்தனை சகோதரர்கள் அதை அறுத்துப் பிழைக்கிறார்கள்! முழுதாய் இருக்கும் ஷீட்டில் சிமெண்ட் அந்த இழையைப் பிடித்துவைத்திருக்கிறது. துளையிட்டாலும், அறுத்தாலும், கம்பி பிரஷால் பாசியைச் சுரண்டினாலும் அது கிளம்பும். மூக்கில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. ஷீட்டைக் கழற்றவேண்டி வந்தால் முதலில் நன்றாய் நனையுங்கள், உடைக்காமல் இறக்குங்கள். தூளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அன்று உடுத்திய சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம்.