கணக்கில் வராத சேமிப்பு

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது நம் முன்னோர் கண்ட பொருளியல். சேமிப்பு என்பது வங்கிகள் தோன்றிய பின்னர்ப் பிறந்த பழக்கமன்று. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் காசு சேர்த்த தாய்மார்களின் கைகளில் அது நெடுங்காலமாக வாழ்ந்து வந்துள்ளது. ஆயினும், அத்தகைய சேமிப்பு எத்துணை எளிதில் கைநழுவிப் போகும் என்பதை 2016ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது.

அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டன. வங்கிகளில் நோட்டைக் கொடுத்து நோட்டாகவே மாற்றிக்கொள்ளும் வசதி நவம்பர் 24ஆம் நாளோடு நின்றது. அதன்பின், டிசம்பர் 30 வரை பழைய நோட்டுகளை வங்கியில் செலுத்தக் கணக்கு வேண்டும். நாம் நன்கறிந்த மூதாட்டி ஒருவர், இளமையிலேயே கணவரை இழந்தவர். பாய் முடைந்து பல்லாண்டு சேர்த்த தொகையைத் தம் மருத்துவத்திற்கும் கஃபன் செலவுக்கும் என ஒதுக்கி வைத்திருந்தார். வேறு வழியின்றி அதை உறவினர் ஒருவரின் கணக்கில் போட்டார். வீட்டுத் தேவைகள் ஒவ்வொன்றாய் வந்தன, பணம் கரைந்தது. எவரும் அவரை ஏமாற்ற எண்ணியதில்லை. எனினும், அவருடைய பணம் அவருடையதாக இல்லாமற் போயிற்று.

அம்மூதாட்டிக்கு ஏன் கணக்கு இல்லை? அறியாமை என்று ஒரே சொல்லில் விடை கூறி அமைவது எளிது. ஆனால், அது முழு உண்மையாகாது.

காரணங்கள் பல

வங்கிக் கணக்கு இல்லாதோர் உலகெங்கும் 140 கோடிப் பேர் இருப்பதாக 2021ஆம் ஆண்டு நிலவரம் பற்றிய உலக வங்கியின் ஆய்வு கூறியது. அவர்கள் கூறிய காரணங்களுள் முதன்மையானது, போடுவதற்குப் பணமில்லை என்பதே. வங்கி தொலைவில் உள்ளது, கட்டணம் மிகுதி, உரிய சான்றுகள் இல்லை, நம்பிக்கை இல்லை என்பனவும் காரணங்களாயின. குடும்பத்தில் ஒருவருக்குக் கணக்கு இருப்பதே போதும் என்போரும் உளர். அந்த ‘ஒருவர்’ பெரும்பாலும் ஆடவராகவே இருப்பார் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

அன்றாடக் கூலி பெறுவோர்க்கு வங்கி செல்லும் நாள் கூலி இழக்கும் நாள். எழுதப் படிக்க அறியாதவர், படிவம் நிரப்ப எவரையேனும் கெஞ்சி நிற்கவேண்டும். தெருவிலே பிடிக்கும் சீட்டோ வீட்டு வாசலுக்கே வருகிறது, பிடிப்பவரும் முகமறிந்தவர்.

மனச்சான்றும் ஒரு காரணம்

இவற்றோடு, நம் சமுதாயத்தில் மற்றொரு காரணமும் உண்டு. வட்டியை விலக்குமாறு திருமறை அல்பகரா அத்தியாயத்தில் கட்டளையிடுகிறது. வட்டி கலந்த பணம் தம் கணக்கில் சேருமே என்று அஞ்சி ஒதுங்கிய பெரியோர் பலர். வட்டி தராத நடப்புக் கணக்கு உண்டு எனினும், அது வணிகர்க்கென அமைந்தது. பாய் முடையும் மூதாட்டிக்கு ஏற்றதன்று. கணக்கில் சேரும் வட்டியைத் தாம் நுகராது, நன்மையை எதிர்பாராது, வறியவர்க்குக் கொடுத்துவிடலாம் என மார்க்க அறிஞர் பலர் வழி கூறியுள்ளனர். அதனை அவருக்கு எடுத்துரைத்தார் எவருமிலர்.

இத்தகைய தயக்கத்தை மதித்து வழிகண்ட நாடு மலேசியா. அங்கே கிராமத்து மக்கள் ஹஜ் பயணத்திற்கான பணத்தை வட்டிக்கு அஞ்சி வீட்டிலேயே பதுக்கினர். நிலத்தையும் கால்நடையையும் விற்றுச் சென்று, திரும்பியபின் வறுமையுற்றனர். இந்நிலை கண்ட பொருளியல் பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன்வழி 1963ஆம் ஆண்டு தோன்றிய சேமிப்பு நிறுவனமே இன்று ‘தாபூங் ஹாஜி’ என வழங்குகிறது. சேமிப்பு ஆகுமான தொழில்களில் முதலீடு செய்யப்படும். வட்டிக்கு மாறாக இலாபத்தில் பங்கு கிடைக்கும். 1,281 பேருடன் தொடங்கிய அதில் இன்று 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சேமிக்கின்றனர். மக்கள் மாறவில்லை, நிறுவனம் அவர்களுக்கேற்ப அமைந்தது. சேமிக்கும் மனம் அவர்களிடம் முன்பே இருந்தது.

நம் நாட்டிலும் வட்டியில்லா வங்கிமுறைக்கு இரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. ஆனால், அம்முயற்சியை மேற்கொண்டு செலுத்துவதில்லை என 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி தெரிவித்தது.

கணக்கும் பயனும்

2014ஆம் ஆண்டு தொடங்கிய ஜன் தன் திட்டம், குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்குகளை வழங்கியது. அவற்றின் எண்ணிக்கை 2023ஆம் ஆண்டில் 50 கோடியைக் கடந்தது. இது பெருஞ்சாதனையே. எனினும், 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் கணக்கு வைத்திருந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர், ஓராண்டாக அதில் பணம் போடவோ எடுக்கவோ இல்லை என அதே உலக வங்கி ஆய்வு காட்டியது. கதவு திறந்திருந்தும் உள்ளே செல்லத் துணையில்லை என்பதன்றோ இதன் பொருள்?

அத்துணையாக நிற்பது நம் கடமை. ஜமாஅத் பெரியோர்கள், வட்டி பற்றிய ஐயத்தைப் பெண்களும் கேட்டுத் தெளிய வழிசெய்தல் வேண்டும். மாணவச் செல்வங்கள், தம் தெருவிலுள்ள முதியவர் ஒருவரையேனும் வங்கிக்கு அழைத்துச் சென்று, அவர் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, அவர் கையாலேயே பணம் எடுக்கப் பழக்குதல் வேண்டும். இரகசிய எண்ணை அவரையன்றி எவரும் அறியலாகாது என்பதையும் உணர்த்துதல் வேண்டும்.

அம்மூதாட்டி இன்று நம்மிடையே இல்லை. அவருடைய கஃபன் செலவை ஊரார் ஏற்றனர். எவரையும் எதிர்பாராது விடைபெற எண்ணிய அவருக்கு, அந்த மதிப்பை நாம் காத்துத் தரவில்லை. இனி ஒரு தாய்க்கேனும் அந்நிலை வாராதிருக்க, இன்றே ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்குவோமாக!