மண்ணிலிருந்து குருதிக்கு: ரொறன்ரோ சவுத் றிவர்டேல் பகுதியின் காரீய மாசும் பொதுச் சுகாதாரமும்

நகரங்களின் வறிய பகுதிகளில் சூழல் மாசை எங்கே அளவிடுவது? புகைபோக்கியின் வாயிலிலா, வீட்டு முற்றத்து மண்ணிலா, குழந்தையின் குருதியிலா? எங்கே அளவிடுகிறோம் என்பதே என்ன நடவடிக்கை எடுப்போம் என்பதைத் தீர்மானிக்கிறது. ரொறன்ரோவின் கிழக்கே சவுத் றிவர்டேல் பகுதியின் பட்டறிவு இதனை விளக்குகிறது.

அங்கு ஈஸ்டர்ன் அவெனியூவில் இயங்கிய கனடா மெற்றல் நிறுவனம் காரீயத்தை உருக்கி மீட்டெடுத்தது. சூழ வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தொழிலாளர் குடும்பத்தினர். 1973 அக்டோபரில் ஒன்ராறியோ சுற்றாடல் அமைச்சு ஆலையை நிறுத்துமாறு பிறப்பித்த ஆணை சில நாட்களிலேயே நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. எனினும் மக்கள் ஓய்ந்துவிடவில்லை. 1976இல் உருவான சவுத் றிவர்டேல் சமூகச் சுகாதார நிலையம் மருத்துவத்தையும் சூழல் நலனையும் ஒருங்கே நோக்கியது.

காரீயம் மண்ணில் சிதைவதில்லை. புகை நின்ற பின்னும் மேல்மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் தங்கிவிடுகிறது. தவழும் குழந்தையின் கைவழியே அது வாய்க்குச் செல்கிறது. உட்கொள்ளும் காரீயத்தை வளர்ந்தோரைவிட நான்கு, ஐந்து மடங்கு மிகுதியாகக் குழந்தைகள் உறிஞ்சக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாதிப்போ வெளிப்படையான நோயாக அன்றி, கற்றல் திறன் குறைவாகவே பெரிதும் தோன்றுகிறது. ஆதலால் நோயாளரை எண்ணிப் பார்த்து மாசை மதிப்பிடுவது போதாது. அமெரிக்காவில் கவனத்திற்குரிய குருதிக் காரீய அளவு 1960களில் டெசிலீற்றருக்கு 60 மைக்ரோகிராமாக இருந்து, 1991இல் 10 ஆகவும் 2021இல் 3.5 ஆகவும் குறைக்கப்பட்டமை இவ்வுணர்வின் வளர்ச்சியைக் காட்டும்.

1980களின் இறுதியில் சவுத் றிவர்டேலில் நூற்றுக்கணக்கான வீடுகளின் மேல்மண் அகற்றப்பட்டுப் புதுமண் இடப்பட்டது. வீட்டுத் தூசியும் துப்புரவாக்கப்பட்டது. குழந்தைகளின் குருதிக் காரீயம் குறைந்தது. ஆயினும் மண்மாற்றம் நிகழாத பகுதிகளிலும் அது குறைந்தது. காரீயம் கலந்த பெற்றோலின் பயன்பாடு சுருங்கி, 1990 டிசம்பரில் கனடாவில் தடைசெய்யப்பட்டமை இதற்கு முக்கிய காரணமாகும். தெருவளவில் தேங்கிய நஞ்சுக்குத் தெருவளவு நடவடிக்கையும், நாடளாவிய நஞ்சுக்கு நாடளாவிய சட்டமும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவற்றோடு மொழியும் சேர்கிறது. தமிழில் ‘ஈயம்’ என்னும் சொல் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் குறிக்கும். பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசியும் ஈயச் சொம்பில் இரசம் வைத்தும் பழகியவர்க்கு, ‘ஈயம் நஞ்சு’ என்னும் அறிவிப்பு நம்பத்தகாததாகவே தோன்றும். வெள்ளீயம் என வாங்கும் பாத்திரத்தில் காரீயம் கலந்திருக்கவும் கூடும் என்பதால் இக்குழப்பம் சிறியதன்று. புலம்பெயர் தமிழர்க்கான சுகாதார அறிவிப்புகள் ‘காரீயம்’ என்றே எழுதி, வேறுபாட்டையும் ஒரு வரியில் விளக்குதல் வேண்டும். கலைச்சொல்லாக்கம் இங்கே குழந்தைகளின் நலன்காக்கும் பணியாகிறது.