கடலடியில் கரியமில வாயு

திருத்தணி மலைமீது நின்று வடக்கே நோக்கினால் வயலும் குன்றும் தெரியும். ஆந்திர எல்லை தெரியாது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லைக்கோடு இடம் மாறிற்று, பாறை மாறவில்லை. நிலத்தின் அடியில் ஒன்றைச் சேமிக்க விழைவோருக்கு இவ்வேறுபாடு பெருஞ்சிக்கலாகிறது, மாணவ நேயர்களே!

நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் பெறும்போது, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. அதனைப் புகைபோக்கியிலேயே பிரித்தெடுத்து, அழுத்தி, ஆழத்துப் பாறையினுள் செலுத்தலாம். மலைக்கோயிலின் படிகளைப் போன்ற இறுகிய கருங்கல் அதற்கு உதவாது. நுண்துளைகள் நிறைந்த மணற்கல் வேண்டும்; அதன்மேல் மூடியெனக் களிப்பாறை படிந்திருத்தல் வேண்டும். சுமார் 800 மீட்டருக்குக் கீழே அழுத்தமும் வெப்பமும் மிகுவதால், வாயு நீர்மம்போல் அடர்ந்து சிறிய இடத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு பகுதி அங்குள்ள உப்புநீரில் கரைகிறது. நெடுங்காலத்தில் சிறிது கல்லாகவும் மாறும்.

நார்வே நாட்டினர் 1996 முதல் வடகடலின் ஸ்லைப்னர் வயலில் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் டன் வீதம் இவ்வாறு புதைத்தனர். பெரிய அளவுதான். ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள்: 1,000 மெகாவாட் அனல் மின் நிலையம் முழு அளவில் இயங்கினால் மணிக்கு 1,000 டன் வாயு வெளியேறும். அந்தப் பத்து இலட்சத்தை அது 42 நாளில் உமிழ்ந்துவிடும்! நம் வடசென்னை அனல் மின் நிலையமோ அதனினும் பெரிது. எனவே ஒரு வயல் போதாது; பல நாடுகள் ஒரே கடலடியைப் பகிர்ந்துகொள்ள நேரிடுகிறது.

நார்வேயின் 'நார்தர்ன் லைட்ஸ்' திட்டம் 2025-இல் கடலடிக்கு 2,600 மீட்டர் கீழே வாயுவைச் செலுத்தத் தொடங்கியது. அயல்நாட்டு ஆலைகளின் வாயுவையும் கப்பலில் கொணர்ந்து புதைப்பது அதன் நோக்கம். கடலில் இடுவதற்காகக் கழிவை ஏற்றுமதி செய்வதை லண்டன் நெறிமுறை தடுத்திருந்தது. இதன்பொருட்டே 2009-இல் அதற்குத் திருத்தம் காண வேண்டியதாயிற்று.

நம் கடலுக்கு வருவோம். நரிமணத்தில் எண்ணெய் தரும் காவிரிப் படுகை, பாக் நீரிணைக்கு அடியில் இலங்கைப் பக்கமும் நீள்கிறது. அங்கே இதுவரை எவரும் வாயுவைப் புதைக்கவில்லை. 1974-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கைக் கடல் எல்லை உடன்பாடு தொலைநோக்குடையது: எண்ணெய் வயல் ஏதேனும் எல்லையைக் கடந்து கிடந்தால், எடுக்கும் முறையையும் வருவாய்ப் பங்கையும் இரு நாடுகளும் பேசித் தீர்க்க முயல வேண்டும் என்கிறது. எல்லாம் எடுப்பதைப் பற்றியே. உள்ளே செலுத்துவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்பக்கம் செலுத்திய வாயு எல்லை தாண்டாவிடினும், அது தள்ளும் உப்புநீரின் அழுத்தம் தாண்டும். பழைய எண்ணெய்க் கிணறு ஒன்றின் வழியே வாயு கசிந்தால் அடைப்பவர் யார், கிணற்றை மூடியபின் நூறாண்டுக் காவல் எவர் பொறுப்பு என்பனவற்றை, முதல் கிணறு தோண்டுமுன்னரே எழுதி வைத்தாக வேண்டும்.