ஒரு லெங்த் பைப், ஒரு ஷீட் பிளை

வீட்டுப் பயிற்சிக்கு ஹாக்கி கோல் போஸ்ட் கேட்டு வருகிறவர்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் பைப்பைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். "எத்தனை எம்.எம்.ண்ணே? பந்து பட்டா நெளிஞ்சிடாதே?" நெளியாது. பந்து பட்டு நெளிந்த தூண் இதுவரை என்னிடம் ரிப்பேருக்கு வந்ததில்லை. வந்ததெல்லாம் உப்பிப்போன பலகை, வெல்டிங் விட்ட மூலை, அடியில் துரு தின்ற சட்டம், பொடிந்துபோன வலை.

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது என் பட்டறை. கிரில், கேட், காக்களூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ரேக், இவைதான் எனக்குச் சோறு போடும் வேலை. 2025 டிசம்பரில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நம் ஜூனியர் பையன்கள் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசிக் கால் பகுதியில் நாலு கோல் அடித்து உலகக்கோப்பை வெண்கலத்தை வாங்கினார்கள். அதற்கப்புறம்தான் கோல் போஸ்ட் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடுகிறது, வீட்டோடு காலி மனை இருக்கிறது, தினமும் எழும்பூருக்கு ரயிலேற முடியாது.

சட்டப்படி கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். மீட்டரில் சொன்னால் குழப்பமாக இருக்கும். பழைய கணக்கில் அது 12 அடிக்கு 7 அடி, அவ்வளவுதான். வீட்டுக்கு 12 அடி வேண்டாம். அகலத்தைப் பாதியாக்கி 6 அடி வையுங்கள், உயரத்தில் கை வைக்காதீர்கள். பந்தைத் தூக்கி மூலையில் போடப் பழகும் பிள்ளைக்கு மூலையின் உயரம் மாறினால் கை தப்பாகப் பழகிவிடும். இந்த அளவில் எங்களுக்கும் ஒரு வசதி உண்டு. 7, 6, 7 கூட்டினால் 20 அடி. பைப் கடையில் ஒரு லெங்த் என்பதும் 20 அடிதான். முன்சட்டம் ஒரே லெங்த்தில் முடிந்துவிடும், துண்டு மிஞ்சாது.

காசை எங்கே போடுவது என்பதுதான் விஷயம். என்னைக் கேட்டால் பலகையில். ஹாக்கி கோலின் அடியில், உள்ளே பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் 460 மில்லிமீட்டர், அதாவது 18 அங்குல உயரத்துக்குப் பலகை அடித்திருப்பார்கள். ஃபுட்பால் கோலில் இது கிடையாது. பெனால்டி கார்னரில் முதல் அடியை மட்டையை ஓங்கி அடித்தால், பந்து இந்த 18 அங்குலத்துக்கு மேலே போகாமல் கோட்டைத் தாண்டினால்தான் கோல். சுண்டித் தூக்கும் டிராக் ஃபிளிக்குக்கு அந்தத் தடை இல்லை. சின்னப் பிள்ளைகள் அடிப்பதில் பெரும்பகுதி தரையோடுதான் போகும், எனவே அடி முழுக்கப் பலகைக்குத்தான். பந்து 156 முதல் 163 கிராம், ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் எடை. அந்தக் கனத்தில் உருண்டையான கெட்டிப் பிளாஸ்டிக் ஒரே இடத்தில் மாசக்கணக்கில் வந்து மோதினால் சாதா பிளை ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

மோதலைவிடத் தண்ணீர் மோசம். கமர்ஷியல் பிளை ஈரக்காற்றைத்தான் தாங்கும். நம் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது ஒரு வருஷம் நின்றால் அதிசயம். மரைன் பிளை கேளுங்கள், 19 எம்.எம். ஷீட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு கோட்டுப் பெயிண்ட் கண்டிப்பாக வேண்டும், தண்ணீர் நுழைவது அங்கேதான். தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கிப் பொருத்த வேண்டும், பெரிய வாஷர் போட்டு போல்ட்டில். ஆணி ஆகாது. உட்புறம் கறுப்போ கரும்பச்சையோ அடியுங்கள். விதியும் கருநிறம்தான் சொல்கிறது, வெள்ளைப் பந்தும் கண்ணுக்குத் தெரியும். 8 அடிக்கு 4 அடி ஷீட்டை 18 அங்குலப் பட்டையாக அறுத்தால் 8 அடியில் இரண்டு கிடைக்கும். ஒன்றில் பின்பலகை 6 அடி, மற்றதில் பக்கப்பலகை நாலும் நாலும். ஆக இதுவும் ஒரே ஷீட்.

சத்தம் ஒரு தொல்லை. விடியற்காலையில் பலகையில் பந்து விழுகிற 'டொக்' தெருக்கோடி வரை கேட்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் கிடைக்கும். அதைப் பலகைக்கு முன்னால் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் சத்தம் பாதியாகக் குறையும், பந்தும் திரும்பி எகிறாமல் காலடியில் விழும். பலகைக்கும் ஆயுள் கூடும். பிள்ளைகளுக்கு மட்டும் பிடிக்காது, அவர்களுக்கு அந்த 'டொக்' கேட்டால்தான் கோல். கழற்றி மாட்டுகிற மாதிரி கம்பியில் கோத்துக் கொடுத்துவிடுவேன்.

பைப்புக்கு 2 அங்குலச் சதுரம், 2 எம்.எம். கனம் போதும். ஒரு லெங்த் சுமார் 18 கிலோ வரும். கனத்தைக் கூட்டுவதைவிட, மேல் மூலை இரண்டிலும் முக்கோணத் தகடு வைத்து வெல்டு பண்ணச் சொல்லுங்கள். பைப்பின் வாயைத் தகடு போட்டு அடைத்தார்களா என்று பாருங்கள். வாய் திறந்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி, வெளியே பெயிண்ட் பளபளக்க உள்ளிருந்து அரிக்கும். ஜி.ஐ. பைப் நல்லதுதான், ஆனால் வெல்டு பண்ணிய இடத்தில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், அங்கே ஜிங்க் பெயிண்ட் அடிக்காவிட்டால் முதல் துரு அதில்தான். அடிச்சட்டம் மண்ணில் படக்கூடாது, செங்கல் மேல் வையுங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது, தூக்கவும் சுலபம். அந்தச் சுலபம்தான் ஆபத்தும். நகர்த்தக்கூடிய கோல் போஸ்ட் முன்பக்கம் கவிழ்ந்து குழந்தைகள் செத்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. குறுக்குச் சட்டத்தைப் பார்த்தால் தொங்காத பிள்ளை உண்டா? இரும்போ அலுமினியமோ, பின் அடிச்சட்டத்தின் மேல் நாலைந்து மணல் மூட்டையாவது கிடக்கட்டும், இல்லை தரையில் முளை அடித்துக் கட்டுங்கள்.

வலை எப்படியும் போகும், அதற்கு அதிகம் செலவழிக்காதீர்கள். கண்ணி 45 எம்.எம்.முக்கு மேல் வேண்டாம். பழவேற்காட்டுப் பக்கம் கிடைக்கும் முறுக்கு நைலான் வலை தாராளமாக உழைக்கும், நரம்பு வலை ஆகாது. ஆறு அங்குலத்துக்கு ஒரு கட்டு, விறைப்பாக இல்லாமல் தொளதொளவென்று. இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். ஆட்டம் இல்லாத மாதங்களில் அவிழ்த்து வீட்டுக்குள் வைத்தால் வெயிலிலிருந்து தப்பும்.

வேப்பம்பட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே நாலரை அடிச் சந்து, அதில் கோல் போஸ்ட் நிற்குமா என்று கேட்டார். "போஸ்ட் வேணாம்மா, பலகை மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றேன். 4 அடி மரைன் பிளை, பின்னால் இரண்டு ஆங்கிள் கால், முன்னால் ஒரு துண்டு பெல்ட். ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.