வைக்கோல் மலிவாக இருக்கும்போதே வறட்சியை நினையுங்கள்

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அன்றிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது 2017 ஜனவரி 10-இல். நிவாரணம் கேட்க அந்தத் தேதி சரி. மாடு வளர்ப்பவருக்கு அது ரொம்பத் தாமதம். சம்பா கருகினால் நெல்லோடு வைக்கோலும் போய்விடும். அறிவிப்பு வருவதற்குள் தீவன விலை ஏறி, சந்தையில் மாட்டு விலை இறங்கியிருக்கும்.

எனவே கறவை வைத்திருப்பவர் நவம்பர் நடுவிலேயே கணக்குப் போட வேண்டும். ஒரு கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ உலர்தீவனம் என்றால், மார்ச் முதல் ஜூன் வரை 700 கிலோவுக்கு மேல். நான்கு மாடுகளுக்கு ஏறக்குறைய 3 டன். வைக்கோல் மலிவாகக் கிடைப்பது அறுவடைக் காலத்தில், வயலில் இயந்திரம் உருட்டிக் கட்டிப்போடும்போது. ஏப்ரலில் கடனுக்கு வாங்குபவர் வைக்கோலோடு லாரி வாடகையையும் வட்டியையும் சேர்த்துச் சுமக்கிறார்.

வெறும் வைக்கோலில் சத்து குறைவு. 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் புரதமும் செரிமானமும் கூடும். எடுத்தவுடன் போடாமல், நெடி போகும்வரை உலர்த்திப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பசுந்தீவனத்துக்கு ஊறுகாய்ப்புல்தான் கைகொடுக்கும். மழை ஈரத்தில் வளர்ந்த சோளத்தையோ மக்காச்சோளத்தையோ பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து, பொடியாக நறுக்கி, குழியில் காற்று இல்லாமல் மிதித்து மூட வேண்டும். அசோலாவை இதற்கு மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதன் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை வளர்க்கவும் தண்ணீர்தான் வேண்டும்.

வறட்சியை விதிவிலக்காக நினைக்காத ஏற்பாடு ஒன்று காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் காலங்காலமாக இருக்கிறது. கொறங்காடு என்பார்கள். கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் காடு. தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். புல் காய்ந்து கருகினாலும் தூர் சாகாது, ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். ஒரு துண்டை மேயவிட்டு அடுத்ததை ஆறப்போடுவார்கள். காட்டுக்குத் தாங்கும் அளவு உருப்படிகளை வைத்திருப்பதுதான் இதன் சூட்சுமம். பால் விலை நன்றாக இருந்த வருடத்தில் இரண்டு மாடு கூடுதலாக வாங்கியவர்களே அடுத்த வறட்சியில் முதலில் தவிக்கிறார்கள்.

தொழுவத்தில் எதை விற்பது என்பதையும் நவம்பரில் கணக்குப் போடும்போதே முடிவுசெய்வது நல்லது. கறவை வற்றிச் சினை பிடிக்காதது, வயதானது ஆகியவற்றை உடம்பு தேறியிருக்கும்போதே சந்தைக்கு ஓட்டிவிடலாம். சினை மாட்டையும் நல்ல கிடேரியையும் கடைசிவரை விடக்கூடாது. மறுபடி வாங்கப் போனால் அந்த விலைக்குக் கிடைக்காது.

தண்ணீர் இல்லாமல் வாடிய சோளப்பயிர் இன்னொரு ஆபத்து. காய்ந்து நிற்கும் இளம்பயிரிலும், திடீர் மழைக்குப் பின் கிளம்பும் குருத்திலும் சயனைடு நஞ்சு கூடியிருக்கும். பசித்த மாட்டை அவிழ்த்துவிட்டால் சில நிமிடங்களில் வாயில் நுரை தள்ளி விழுந்துவிடும். பூத்த பிறகு அறுத்து, நன்றாக உலர்த்திப் போட்டால் பெரும்பாலும் பயமில்லை. மாடு தப்பித்தவறி மேய்ந்துவிட்டால் கைமருத்துவம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசி உடனே போட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.